பெட்டியடியில் கற்கும் வித்தை

பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கி அமைத்து லேவாதேவி நடத்திய நகரத்தார், தங்கள் பிள்ளைகளைக் கணக்கு வித்தையில் தேர்ந்தவர்களாக்குவதற்குப் பெரிய கலாசாலை எதையும் நாடிச் சென்றதில்லை. முந்திரி, காணி, மா என்னும் பின்ன இலக்கங்களை மனனம் செய்து முடித்த பையனைக் கடல் கடந்து அனுப்பி, மேலாள் அமர்ந்து கணக்கெழுதும் மரப்பெட்டியின் அருகே ஓர் இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள். அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். ஏவிய வேலைகளுக்கு ஓடுவதும், சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பதிவதும், அந்தி வேளையில் ரொக்கத்தை எண்ணி இருப்போடு ஒத்துப் பார்ப்பதுமாகச் சில வருஷங்கள் கழிந்த பிறகு அவன் அடுத்தாள் ஆவான். அதற்கும் பிறகே ஐந்தொகை கட்டி முதலாளிக்கு அனுப்பும் பொறுப்பு அவன் கைக்கு வரும். கடன் கேட்டு வந்தவனுடைய முகத்தை மேலாள் எப்படிப் படித்தார், எந்தக் கேள்வியைக் கேட்டார், எதைக் கேட்காமலே விட்டார் என்பனவெல்லாம் எந்தச் சுவடியிலும் எழுதப்படாதவை. பெட்டியடியில் இருந்தவனுக்கு மட்டுமே அவை வசப்பட்டன.

இதை ஒத்த ஒரு முறை, இந்த இருபத்தோராம் நூற்றாண்டிலும் ஒரு தொழிலுக்குக் கட்டாயமாக இருந்து வருகிறது. ஆடிட்டர் என்று நாம் பொதுவாக அழைக்கும் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் ஆக விரும்பும் ஒருவர், பரீட்சைகளில் எத்தனை உயர்ந்த மதிப்பெண் வாங்கியவராயினும், தொழில் நடத்திவரும் ஓர் ஆடிட்டரிடம் உடன்படிக்கை எழுதிச் சேர்ந்து, அவரிடம் குறித்த காலம் வேலை கற்றாலன்றி அந்தத் தகுதியைப் பெற இயலாது. ஆர்ட்டிகிள்ஷிப் என்று அந்தப் பயிற்சிக்குப் பெயர். குருவின் ஸ்தானத்தில் இருக்கும் ஆடிட்டர், பிரின்ஸிபால். சென்னையில் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ, ஆடிட்டர் பெயர்ப்பலகை தொங்கும் ஒரு மாடியில் செப்டம்பர் மாதத்து இரவு ஒன்பது மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருக்குமானால், வரித் தணிக்கை அறிக்கைகளுக்குரிய 30ஆம் தேதிக் கெடுவை எதிர்நோக்கி, இருபது வயதுப் பிள்ளைகள் சிலர் அங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

பெயர் பிரிட்டனிலிருந்து வந்தது. 1854இல் எடின்பரோ நகரத்துக் கணக்கர்களும், 1880இல் இங்கிலாந்து, வேல்ஸ் தேசத்துக் கணக்கர்களும் விக்டோரியா மகாராணியாரிடம் சாஸனம் பெற்றுத் தங்கள் சங்கங்களை நிறுவிக்கொண்டனர்; சாஸனம் பெற்றதனாலேயே அவர்களுக்குச் சார்ட்டர்ட் என்னும் அடைமொழி உண்டாயிற்று. சங்கத்தில் சேர விரும்புவோர் ஐந்து வருஷம், பட்டதாரியானால் மூன்று வருஷம், ஓர் அங்கத்தினரிடம் ஷரத்துகள் எழுதிக் கையெழுத்திட்டு வேலை கற்கவேண்டும் என்பது இங்கிலாந்துச் சங்கம் அந்நாளில் வகுத்த விதி. அந்த ஷரத்துகளே ஆர்ட்டிகிள்ஸ். வேலை கற்கும் பிள்ளைக்காக அவன் தகப்பனார் பிரின்ஸிபாலுக்குப் பெருந்தொகை ஒன்றைக் காணிக்கையாகச் செலுத்துவதும் அக்காலத்து வழக்கம். கையில் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் படியில் ஏற வழியில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. குருகுலம் என்று சொல்லி மகிழும்போதே அதன் வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இன்றைக்கு நம் நாட்டில் பணம் எதிர்த்திசையில் போகிறது: பயிற்சி பெறுவோருக்கு மாதந்தோறும் குறைந்தபட்சம் இவ்வளவு ஸ்டைபண்ட் கொடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. தொகை சிறிதுதான், ஆனாலும் அந்தத் திருப்பம் சிறிதன்று.

இந்தியாவில் 1918இல் பம்பாயில் ஏற்பட்ட அரசாங்க டிப்ளமா, 1932இல் ஆடிட்டர்களுக்கென இயற்றப்பட்ட விதிகள் ஆகியவற்றைக் கடந்து, சுதந்திரத்துக்குப் பின் 1949ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி இந்தியச் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகள் நிறுவனம் உதயமாயிற்று. கருடன் பொறித்த அதன் இலச்சினையைப் புதுச்சேரியிலிருந்து அருளியவர் ஸ்ரீ அரவிந்தர். உறக்கத்தினிடையே விழித்திருத்தலைப் பற்றிய கடோபநிஷத வாக்கியம் அதில் இடம்பெற்றிருக்கிறது. உபநிஷத் என்னும் சொல்லுக்கே குருவின் அருகே அமர்தல் என்று பொருள் கூறுவார்கள். அமர்ந்து கற்கும் தொழிலுக்கு அந்த நூலிலிருந்தே வாக்கியம் அமைந்தது எனக்கு எப்போதும் மனநிறைவைத் தரும் ஒரு பொருத்தம்.

பரீட்சைகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஃபவுண்டேஷன், அடுத்து இன்டர்மீடியட், முடிவில் ஃபைனல் என்று மூன்று படிகள். இன்டர்மீடியட்டின் இரு பிரிவுகளிலும் தேறியவர்கள் பயிற்சிக்குச் செல்கிறார்கள். பயிற்சி முடிந்து ஆறு மாதம் படித்தபின் ஃபைனல் எழுதுகிறார்கள். ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு நாற்பதும், பிரிவு முழுமைக்கும் ஐம்பது சதவீதமும் வாங்கவேண்டும். இந்த எண்களையே நம் வீடுகளில் ஓயாமல் பேசுகிறார்கள். பயிற்சிக் காலத்தில் அந்தப் பிள்ளை நாள் முழுவதும் என்னதான் செய்கிறது என்று விசாரிக்கும் பெற்றோரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

முதல் மாதங்களில் வவுச்சிங். கணக்கில் எழுதியிருக்கும் ஒவ்வொரு செலவுக்கும் உரிய ரசீதை எடுத்து, தேதி, பெயர், தொகை, அநுமதி கொடுத்தவர் கையெழுத்து, எந்தத் தலைப்பில் பதிவாகியிருக்கிறது என்பவற்றை ஒத்துப் பார்த்து ஒரு டிக் அடையாளம் இடும் வேலை அது. சலிப்பூட்டும் வேலை என்று புதியவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படியே நினைத்தேன். நான் பயிற்சியில் சேர்ந்த முதல் கோடையில், ஒரு கிளையண்டின் அலுவலகத்தில் இருநூறு ரசீதுகளுக்குச் சுறுசுறுப்பாக டிக் போட்டுவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தபோது, என் சீனியர் அந்தக் கட்டிலிருந்து ஓர் இரும்புக் கடையின் மூன்று பில்களை மட்டும் உருவி மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஒன்று ஏப்ரல் மாதத்தது, மற்றொன்று ஜூன், மூன்றாவது செப்டம்பர். தொகை சரி, கூட்டல் சரி, கையெழுத்தும் இருந்தது. பில் எண்கள் 41, 42, 43.

“தம்பி, இந்தக் கடையில அஞ்சு மாசமா வேற யாருமே ஆணி வாங்கலையா?” என்று அவர் கேட்டார்.

அந்தக் கடையின் பில் புத்தகமே கிளையண்டின் அலுவலகத்தில் யாருடைய மேஜை இழுப்பறையிலோ இருந்தது என்று பிற்பாடு தெரியவந்தது. இருநூறு காகிதங்களை நான் பார்த்திருந்தேன். ஒரு காகிதத்துக்கும் மறு காகிதத்துக்கும் இடையிலிருந்ததை அவர் பார்த்தார். அதைப் பார்க்கும் கண் அவருக்கு எந்தப் பாடப் புத்தகத்திலிருந்தும் வந்ததன்று; அவருடைய சீனியர் ஒருவர், முன்னொரு கோடையில், வேறு எதையோ உருவி மேஜைமேல் வைத்துக் காட்டியிருப்பார்.

வவுச்சிங்குக்கு அடுத்தது சரக்கு இருப்பைக் காணல். மார்ச் 31ஆம் தேதியோடு கணக்கு வருஷம் முடிவதால், அன்றிரவு நம் கோவை, ராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளில் இளைஞர்கள் பஞ்சு பேல்களையும் கோன் மூட்டைகளையும் எண்ணிக்கொண்டிருப்பதைக் காணலாம். எண்ணுவது எளிதென்று தோன்றும்; ஆனால் எண்ணும் திசை ஒன்று உண்டு என்பதைச் சீனியர் சொல்லித்தான் அறியவேண்டும். பட்டியலில் எழுதியிருக்கும் பேலைத் தேடிக் கோடவுனுக்குப் போனால், எழுதியது இருக்கிறதா என்பது விளங்கும். கோடவுனில் கண்ணில் பட்ட பேலின் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு பட்டியலுக்குத் திரும்பினால், இருப்பதை எழுதியிருக்கிறார்களா என்பது விளங்கும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டவன் பாதி வேலையே செய்தவனாவான். அன்றைய கடைசி கேட் பாஸ் எண்ணையும், கடைசி விற்பனை பில் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஏப்ரல் 2ஆம் தேதி போன லாரியை மார்ச் விற்பனையில் சேர்ப்பது வெகு சுலபம். அடுக்கின் மேல்வரிசையை மட்டும் பார்த்து, உயரத்தை அகலத்தால் பெருக்கி எழுதிக்கொள்ளலாகாது; நடுவே வெற்றிடம் இருக்கலாம்.

இந்த எச்சரிக்கைகள் யாவும் எங்கோ யாரோ ஏமாந்ததன் விளைவாகப் பிறந்தவை. 1896இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கில், மானேஜர் சரக்கிருப்பை உயர்த்தி எழுதிக் கொடுத்த சான்றை நம்பிய ஆடிட்டர்கள் குற்றவாளிகளல்லர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆடிட்டர் வீட்டைக் காக்கும் நாய் போன்றவரேயன்றி மோப்பம் பிடித்து வேட்டையாடும் நாய் போன்றவரல்லர் என்னும் உவமை அந்த வழக்கில்தான் பிறந்தது. நாற்பத்திரண்டு வருஷங்களுக்குப் பின் 1938இல், அமெரிக்காவில் மெக்கெசன் அண்டு ராபின்ஸ் என்னும் மருந்துக் கம்பெனி, 8 கோடியே 70 லட்சம் டாலர் என்று காட்டிய சொத்தில் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் வெறும் கற்பனை என்பது வெளிப்பட்டது. கனடாவில் கிடங்குகள் நிறைய மருந்துச் சரக்கு இருப்பதாகக் காகிதங்கள் சொல்லின. அங்கே போய்ப் பார்த்த ஆடிட்டர் ஒருவரும் இல்லை. அதன் பிறகே சரக்கை எண்ணும் இடத்தில் நேரில் நிற்பதும், கடன்காரர்களுக்குத் தனியே கடிதம் எழுதிப் பாக்கியை உறுதி செய்துகொள்வதும் தணிக்கையின் வழக்கமான அங்கங்களாயின.

அந்தக் கடித விஷயத்தை விட்டுவிட மனமில்லை. வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் எழுதும் உறுதிக் கடிதத்தைக் கிளையண்டின் குமாஸ்தா கையில் கொடுத்துவிடக் கூடாது. ஆடிட்டர் தரப்பே அனுப்பவேண்டும், பதிலும் ஆடிட்டர் அலுவலகத்துக்கே நேராக வரவேண்டும். வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும் இந்த விதியின் எடை எவ்வளவு என்பதை, 2009ஆம் வருஷம் ஜனவரி 7ஆம் தேதி ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் வெளியிட்ட கடிதம் நாடறியச் செய்தது. 5,361 கோடி ரூபாய் என்று ஐந்தொகையில் காட்டியிருந்த ரொக்கம், வங்கி இருப்புகளில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். சரக்கைப் போலப் பணத்தையும் இருக்கும் இடத்தாரிடமே கேட்டு அறியவேண்டும் என்னும் பாடத்தை, முதல் வருஷப் பிள்ளை அந்த உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கும்போதே கற்றுக்கொள்கிறான்.

இவற்றையெல்லாம்விடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. தன் தகப்பனார் வயதுள்ள கணக்கரின் எதிரே நின்று, அவரைத் திருடர் என்று எண்ணாமலும், எண்ணுவதாக அவருக்குத் தோன்றாமலும், விட்டுக்கொடுக்காமலும் ஒரு கேள்வியைக் கேட்பது எப்படி என்பதே அது. “இருபது வருஷமா நான் எழுதுற கணக்கு தம்பி, உங்க ஆபீஸ்ல யாரும் இப்படிக் கேட்டதில்ல” என்று அவர் சொல்லும்போது, முகம் சிவந்து பேசுகிறவனும் தோற்கிறான், சரி சார் என்று எழுந்துவிடுகிறவனும் தோற்கிறான். “எனக்குத்தான் புரியலை சார், ஒரு தடவை காட்டிக் கொடுத்திடுங்க” என்று பேரேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைக்கும் வினயத்தை என் சீனியரிடம்தான் கண்டேன். சந்தேகம் அவருக்கு ஒரு கடமையாக இருந்தது; துவேஷமாக ஒரு நாளும் இருந்ததில்லை. காகிதத்தில் எழுதிக் கற்பிக்க முடியாதது எது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் இதையே சொல்வேன்.

பெட்டியடியில் பெண்பிள்ளைகளுக்கு இடம் இருந்ததில்லை. இங்கிலாந்துச் சங்கம் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்னும் அம்மையாரை அங்கத்தினராக ஏற்றது 1920இல்தான். நம் சென்னையிலோ, ராணி மேரிக் கல்லூரியில் படித்த ஆர். சிவபோகம் அம்மையார், சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டு ஒரு வருஷம் வேலூர்ச் சிறையில் இருந்துவிட்டு வந்து, ஆடிட்டர் சி. எஸ். சாஸ்திரியிடம் பயிற்சி பெற்று, 1933இல் கணக்கியல் டிப்ளமா தேறிய முதல் இந்தியப் பெண்மணியானார். சிறை சென்றவர்கள் கணக்கராகப் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்று அன்றைய அரசாங்கம் தடுத்தபோது வழக்காடி வென்றார். பிற்காலத்தில், 1955 முதல் 1958 வரை, இந்தியச் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகள் நிறுவனத்தின் தென்னிந்தியப் பிராந்தியக் கவுன்சிலுக்குத் தலைமை வகித்தார். கதருடுத்தி ஆடிட் அலுவலகத்துக்குள் நுழைந்த அந்த இளம்பெண்ணுக்குத் தம் அருகே இடம் கொடுத்த குருவையும் நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இனிப் பட்டத்தின் விஷயம். தொழில் கற்பதா, பட்டம் படிப்பதா என்று பிள்ளைகளை இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்வது அநியாயம் என்று இங்கிலாந்து கருதத் தொடங்கி, 2015 முதல் இரண்டையும் ஒரே கயிற்றில் பிணைத்திருக்கிறது. டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் என்னும் அந்த ஏற்பாட்டில், மாணவர் ஒரு ஸ்தாபனத்தின் ஊழியராகச் சம்பளம் பெறுகிறார். வேலை நேரத்தில் ஒரு பகுதியை வேலையிலிருந்து விலகிப் படிப்புக்குச் செலவிடுகிறார். மற்ற மாணவர்கள் ஆண்டுக்கு ஒன்பதாயிரம் பவுனுக்கு மேல் கட்டும் கல்லூரிக் கட்டணம் அவருக்கு இல்லை. சம்பளப் பட்டியல் வருஷத்துக்கு 30 லட்சம் பவுனைத் தாண்டும் முதலாளிகளிடமிருந்து, 2017 ஏப்ரல் முதல், அதிகப்படிக்கு அரை சதவீதம் வசூலித்து அந்தச் செலவை ஈடுகட்டுகிறார்கள். கணக்கியலில் இந்த வழி ஏழாம் நிலை என்னும் முதுகலைக்கு ஒப்பான படிவரை செல்கிறது. சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் ஆவதற்கு நெடுநாளாக அங்கே வேண்டியிருந்த 450 நாள் வேலை அநுபவமும் இதிலேயே கூடிவிடுகிறது. எனினும் 2026 ஜனவரி முதல் அந்த ஏழாம் நிலைக்கான அரசாங்கப் பண உதவியைப் பெரும்பாலும் இருபத்தொரு வயது வரையில் உள்ளவர்களுக்கே என்று சுருக்கிவிட்டார்கள். வயது கடந்து இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் ஏழைக்கு மறுபடியும் படி உயர்ந்துவிட்டதே என்று நான் வருந்துகிறேன்.

நம் நாட்டுப் பிள்ளைகள் பட்டத்தைத் தபால் வழியிலோ மாலைக் கல்லூரியிலோ தாங்களே தேடிக்கொள்கிறார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகள் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, சி.ஏ. மாணவர்களுக்கென ஒரு பி.காம். படிப்பை ஏற்படுத்தியது. நல்ல உதவியே, ஆயினும் பகலில் கிளையண்டின் அலுவலகம், இரவில் ஃபைனல் பாடம், ஞாயிற்றுக்கிழமையில் பி.காம். என்று மூன்று சுமைகளையும் இருபது வயதுத் தோளில் ஏற்றிவிட்டு, அவற்றைப் பிணைக்கும் பொறுப்பையும் அந்தத் தோளுக்கே விட்டிருக்கிறோம்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு குறையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. பெரும்பாலும் மூன்று வருஷமாக இருந்துவந்த ஆர்ட்டிகிள்ஷிப், 2023 ஜூலை 1 முதல் இரண்டு வருஷமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் விரைவில் சம்பாதிக்கத் தொடங்கவேண்டும் என்பது நியாயமான எண்ணம். வறிய குடும்பத்துக்கு ஒரு வருஷம் என்பது பெரிய காலம். ஆனால் ஆடிட் வேலை பயிரைப் போன்றது, வருஷத்துக்கு ஒரு போகந்தான் விளையும். மூன்று வருஷம் என்றால் மூன்று மார்ச் 31: முதலாவதில் பார்த்தான், இரண்டாவதில் செய்தான், மூன்றாவதில் புதிதாக வந்த பையனுக்குக் காட்டிக்கொடுத்தான். அந்த மூன்றாவது மார்ச்சில்தான் தான் கற்றது என்ன என்பது அவனுக்கே விளங்கிற்று. அதை எடுத்துவிட்ட நாம், அந்த வேலையை இரண்டாவதிலேயே திணித்திருக்கிறோம்.

அதைக் காட்டிலும் கொடியது, டம்மி ஆர்ட்டிகிள்ஷிப் என்று மாணவர்களே கூசாமல் பெயர் சொல்லும் வழக்கம். உடன்படிக்கை எழுதப்படும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழும், பிள்ளை பயிற்சி வகுப்பிலோ வீட்டிலோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் விதிப்படி இது குற்றம். ஊரார் சேமிப்பைக் கொண்ட கம்பெனிகளின் கணக்கு உண்மை என்று நாளை கையெழுத்திடப் போகிறவர், தம் முதல் கையெழுத்தையே பொய்யாக இட்டுத் தொடங்குகிறாரே என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு பதைக்கிறது. இதற்கு உடன்படும் பிரின்ஸிபாலின் பிழை, மாணவர் பிழையைவிடப் பன்மடங்கு பெரிது.

என் தங்கை மகள் இன்டர்மீடியட் தேறி அலுவலகம் தேடியபோது, ஸ்டைபண்ட் எவ்வளவு, பரீட்சை லீவு எத்தனை நாள் என்று மட்டும் கேட்கவேண்டாம் என்று அவளுக்குச் சொன்னேன். கிளையண்டின் இடத்துக்கு அழைத்துப் போவீர்களா, நான் எழுதும் வொர்க்கிங் பேப்பரை யார் படித்துத் திருத்துவார்கள், வருஷம் முழுவதும் ஜி.எஸ்.டி. படிவம் மட்டுமே நிரப்பவேண்டியிருக்குமா என்று கேட்கச் சொன்னேன். இரண்டு அலுவலகங்களில் அந்தக் கேள்விகளை விரும்பவில்லை. மூன்றாவதில் பிரின்ஸிபால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாராம்.

சென்ற மார்ச் அவளுக்கு இரண்டாவது மார்ச். 31ஆம் தேதி இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு நூற்பாலைக் கோடவுனிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். “மாமா, மேல்வரிசையை இறக்கி அடிவரிசையைக் காட்டச் சொன்னேன். ஸ்டோர்காரருக்குக் கோபம். இறக்கிப் பார்த்தா எல்லாம் சரியாவே இருந்துது, ஒரு பேல்கூட வித்தியாசமில்ல” என்றாள். கூட யார் என்று கேட்டேன். “இந்த வருஷம் சேர்ந்த பையன் ஒருத்தன் இருக்கான். அவனைத்தான் மேல ஏறி லாட் நம்பர் படிக்கச் சொன்னேன், நான் கீழ நின்னு எழுதினேன். இப்ப மாத்திச் செய்யப் போறோம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.